சிட்டாவில் இல்லாத பெயர்

(மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் துறை)



"ஏசி ரூம்ல உக்காந்து வெப்சைட்டுக்குக் கலர் அடிச்சே மூணு வருஷத்த ஓட்டிட்டீங்களேப்பா!" என்று மெக்கானிக்கல் நண்பர்கள் எங்களைக் கேலி செய்வதுண்டு. லேத்துக்கு முன்னால் இரும்புத் தூளில் நிற்கிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும், தோன்றட்டும். ஆனால் கலர் அடிப்பது எங்கள் தொழிலில் கடைசி வேலை. (அதையும் கூகுளில் பார்த்துத்தான் அடிக்கிறோம் என்பது நமக்குள் இருக்கட்டும்.) ஒரு கடையோ, ஆபீஸோ, நெல் போடும் இடமோ, அங்கே யார் யாருக்கு என்ன கொடுக்கிறார்கள், எந்தத் தாளில் எழுதுகிறார்கள், எதை எழுதாமலே விடுகிறார்கள் என்று கண்டுபிடிப்பதில்தான் பாதிப் படிப்பு போகிறது. வணிகத் தகவல் முறைமை என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்களே, அது இதுதான்!

ஆறாம் செமஸ்டர் புராஜெக்ட்டுக்கு நாங்கள் நாலு பேர். திருவையாறு, ஒரத்தநாடு, கும்பகோணம், அப்புறம் பாபநாசம் பக்கத்திலிருந்து நான். நாலு பேர் வீட்டிலும் நெல் உண்டு. வேறு தலைப்பு எதற்கு? நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு விவசாயிகள் முன்பதிவு செய்யும் வெப் அப்ளிகேஷன் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 2021லேயே இணையவழிப் பதிவைக் கொண்டுவந்துவிட்டது. நாங்கள் செய்தது லேபுக்குள் மட்டும் ஓடும் குட்டி மாதிரி. பி.எச்.பி.யும் மை-எஸ்.க்யூ.எல்.லும் போதும். மூட்டைக்கு 40 கிலோ, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள், பணம் பேங்க் கணக்குக்கு. இதையெல்லாம் புரோகிராம் ஆக்குவது சுலபமாகத்தான் இருந்தது.

டேபிள் போடும் இடத்தில் மாட்டிக்கொண்டோம்.

ஒரத்தநாட்டு நண்பன் போர்டில் ஒரு கட்டம் போட்டு 'விவசாயி' என்று எழுதினான். உள்ளே பெயர், ஊர், பேங்க் கணக்கு, சிட்டா எண். "சிட்டா நம்பரைச் சாவியா வச்சுக்கலாம்டா. ஒரு சிட்டாவுக்கு ஒரு விவசாயி. முடிஞ்சுது வேலை!"

"அப்படின்னா எங்கப்பா விவசாயி இல்லையாடா?" என்றேன்.

போர்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் பேச்சில்லை. என் அப்பா 6 மா குத்தகைக்குச் சாகுபடி செய்கிறார். நம் பக்கத்துக் கணக்குக்கு 2 ஏக்கர். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்த வயலில் அவர்தான் நடவும் அறுப்பும். ஆனால் சிட்டாவில் இருப்பது சென்னையில் குடியிருக்கும் நிலக்காரர் பெயர். எல்லாம் வாய்ப்பேச்சுக் குத்தகை, ஒரு துண்டுச் சீட்டுக் கிடையாது. டெல்டாவில் கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூர்க்காரர் நிலம் என்று இப்படிப் பயிரிடுவோர் எத்தனையோ பேர். 2019ல் மத்திய அரசு கொண்டுவந்த பி.எம்.கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் என்பது நிலம் தன் பெயரில் உள்ள குடும்பத்துக்குத்தான். பிறர் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவர் கணக்கில் வரமாட்டார். வயலில் நிற்கும் ஆளை எந்த டேபிளில் எழுதுவது?

எங்கள் துறை மேடத்திடம் போய் நின்றோம். "1970ல காட் சொன்னதை செமஸ்டருக்கு மனப்பாடம் பண்ணுனீங்கள்ல? வேற வேற விஷயத்தை ஒரே டேபிள்ல திணிக்காதீங்க. இது புரியலேன்னா பெரிய கோயிலுக்குப் போய்ச் சுவரைப் பாருங்க" என்றார்.

நிஜமாகவே போனோம்! ராஜராஜன் காலத்தில் அந்தக் கோயிலில் பணி செய்த 400 தளிச்சேரிப் பெண்களின் பட்டியல் கல்லில் இருக்கிறது. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் என்ன என்று வரிசையாக. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். இறந்துபோனாலோ வேறு தேசம் போய்விட்டாலோ நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்று வேலை செய்யலாம். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியான ஒருவரை அமர்த்த வேண்டும். ஆள் மாறலாம், பங்கு அப்படியே நிற்கும். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஆளையும் பங்கையும் பிரித்து வைத்திருக்கிறார்கள்! கும்பகோணத்து நண்பன் போட்டோ எடுப்பதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

திரும்பி வந்து டேபிளை மூன்றாகப் பிரித்தோம். நிலம் ஒன்று, ஆள் ஒன்று, இரண்டையும் சேர்த்துக் கட்டும் 'சாகுபடி' ஒன்று. சாகுபடியில் நிலத்தின் எண், ஆளின் எண், குறுவையா சம்பாவா தாளடியா என்ற பருவம், சொந்தமா குத்தகையா என்ற வகை. பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருப்பதை மா கணக்கிலும் காட்ட ஒரு சின்ன ஃபங்ஷன். அப்பாவிடம் 'ஹெக்டேர்' என்றால் "அது என்ன உரமா?" என்பார்.

பெருமையாக லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். திரையில் அப்பா பெயர், பக்கத்தில் '6 மா, குத்தகை'. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. அந்தக் குத்தகைங்கிறதை மட்டும் எடுத்துடு."

"ஏம்ப்பா?"

"இதை யாரு யாரெல்லாம் பாப்பா?"

குத்தகை சாகுபடியாளர் பாதுகாப்புச் சட்டம் 1955லேயே வந்துவிட்டது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969ல் இன்னொரு சட்டமும் வந்தது. ஆனால் பெயர் ஏறிவிட்டால் நிலம் கையை விட்டுப் போய்விடுமோ என்று நிலக்காரருக்குப் பயம். அவர் பயந்தால் அடுத்த பருவத்துக்கு வயலைத் திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்று அப்பாவுக்குப் பயம். எழுதாவிட்டால் விவசாயி இல்லை, எழுதினால் வயலே இல்லாமல் போகலாம்! இந்தச் சிக்கலை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

'யாரு பாப்பா' என்ற அந்த ஒரு கேள்விக்கே எங்களுக்கு மூன்று வாரம் போனது. வெப்பில் சர்வருக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு பக்கம் கேட்கும்போதும் நாம் அதற்குப் புது ஆள்தான். செஷன் என்ற டோக்கனைக் கையில் கொடுத்தால்தான் இன்னார் என்று அடையாளம் காணும். அந்த டோக்கனை வைத்து, மூட்டை எடை போடுகிறவருக்கு வரிசை எண்ணும் மூட்டைக் கணக்கும் மட்டும் தெரியும்படி செய்தோம். குத்தகை விவரம் சரிபார்க்கும் அலுவலர் லாகினில் மட்டும்தான் திறக்கும். நிலக்காரர் பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்றும் வராது. இந்த ஏற்பாட்டை விளக்கியபோது அப்பா, "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றார். முழு சம்மதமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஸ்க்ரீனைப் பார்க்கவே இல்லை. "இவர் குத்தகைதாரர்தான்னு யார் சொல்லுவா?" என்று ஒரே கேள்வி. நிஜத்தில் கிராம நிர்வாக அலுவலர் சான்று தர வேண்டும். வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு அவரும் எதைப் பார்த்துத் தருவார்? பக்கத்து வயல்காரர் இரண்டு பேர் செல்போனில் உறுதி சொல்லலாம் என்றான் திருவையாற்றுக்காரன். பக்கத்து வயல்காரரே நிலக்காரருக்குச் சொந்தமாக இருந்தால்?

சாகுபடி டேபிளில் 'சான்று' என்ற அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. இரண்டாம் ஆண்டுத் தம்பி, தங்கைகள் யாராவது தொடர்ந்து செய்வதாக இருந்தால் முழு புரோகிராமையும் தருகிறோம். ஆரம்பிக்கும் முன் ஒரு நாள் எங்கள் ஊருக்கு வந்து நாலு பேரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். அறுவடை நேரத்தில் மட்டும் வராதீர்கள், பேச ஆள் கிடைக்காது.