31க்கும் 38க்கும் இடையே

பதினெண்கீழ்க்கணக்கைப் பாடமாகத் தொடங்கும் நாளில் மாணவர் ஒருவராவது கேட்டுவிடுவார்: "ஐயா, இலக்கியத்துக்குள் கணக்கு எப்படி வந்தது?" கணக்கு என்னும் சொல் ஒருகாலத்தில் நூலையும் குறித்தது, எழுத்தறிவித்த ஆசிரியரைக் கணக்காயர் என்றே அழைத்தனர் என்று விளக்குவோம். வகுப்பு வியக்கும். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "கணக்குக்குப் பயந்துதானே ஐயா தமிழுக்கு வந்தோம்" என்னும். எழும் சிரிப்பில் நாமும் கலந்துகொள்வோம். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் நம் வீட்டுக் கதையொன்று இருப்பதை இதுவரை அவர்களிடம் சொன்னதில்லை.

நம் தமக்கையார் 1993ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதினார். தமிழில் 81, கணக்கில் 31. தேர்ச்சிக்கு வேண்டியது 35. அக்டோபரில் மீண்டும் எழுதினார், 33 வந்தது. மூன்றாம் முறை எழுதுவதற்குள் திருமணம் முடிவாகிவிட்டது. மூன்றாண்டுகள் கழித்து நாம் எழுதினோம். 38 வந்தது. அந்த ஏழு மதிப்பெண்களின் தயவில் மேல்நிலைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் சென்று, இன்று விரிவுரையாளராக நிற்கிறோம்.

அந்த 38 எப்படி வந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். செய்முறை வடிவியலும் வரைபடமும் கைவந்துவிட்டால் கரையேறிவிடலாம் என்பது நம் பள்ளியில் வழங்கிய மந்திரம். வட்டத்துக்குத் தொடுகோடு வரையும் படிகளை நெட்டுருச் செய்தோம். வரைபடத்தாளில் புள்ளிகளைக் குறித்து வளைவரையாக இணைத்தோம். அது ஏன் அப்படி வளைகிறது என்று நாமும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. இன்றைய வினாத்தாளிலும் இவ்விரண்டுக்கும் தலா 8 மதிப்பெண். மெல்லக் கற்கும் மாணவருக்கு முதலில் இவற்றையே பழக்குகிறார்கள். ஆசிரியரைக் குறைசொல்வதற்கில்லை. பிள்ளை கரையேற வேண்டுமே என்ற கவலை அவருக்கு.

நிற்க. தமக்கையார் இப்போது தம் ஊரில் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கேடுகளைப் பார்த்துக்கொள்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் குழுவுக்கு ஒரு லட்சம் ரூபாய் கடன் தருவதாக நிதி நிறுவனம் ஒன்றின் முகவர் வந்தார். வட்டி நூற்றுக்கு 12தான், மாதம் 9,333 ரூபாய் வீதம் ஓராண்டில் அடைத்துவிடலாம் என்றார். தாளை நாம் வாங்கிப் பார்த்து, சரியாகத்தான் இருக்கிறது என்றோம். தமக்கையார் விரல்விட்டு எண்ணிக்கொண்டே சொன்னார்: "மாசாமாசம் அசல் திரும்பிப் போகுதேடா தம்பி. வருஷம் முழுக்கச் சராசரியாப் பாத்தா பாதிக்குக் கொஞ்சம் மேலதான் நம்ம கையில இருக்கு. வட்டி மட்டும் முழு லட்சத்துக்குமா? நூத்துக்கு இருபதுக்கு மேல வருது." 38 வாங்கிய நாம் வாயடைத்து நின்றோம்.

இதே தமக்கையார் முன்பொரு முறை அங்கன்வாடிப் பணிக்கு விண்ணப்பிக்க எண்ணியதுண்டு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சிச் சான்று கேட்டார்கள்.

இதைச் சொல்லி, கணிதத் தேர்ச்சியைக் கட்டாயமாக்குவது தகுமா என்று நம் கல்லூரிக் கணிதத்துறை நண்பரிடம் கேட்டோம். அவர் மறுத்தார். "கட்டாயத்தை எடுத்துப் பாருங்கள், ஊர்ப்புறப் பள்ளியில் கணித ஆசிரியர் இடம்தான் முதலில் நிரப்பப்படாமல் கிடக்கும். வசதியுள்ள பிள்ளை தனிப்பயிற்சியில் படித்துக்கொள்வான். உங்கள் அக்கா மாதிரிப் பிள்ளைகளுக்குத்தான் கணக்கு வராது என்று முன்கூட்டியே தீர்ப்பெழுதிவிடுவார்கள்." மேலும், எல்லோருக்கும் ஒரே தாள் என்பதில் ஒரு நீதி இருக்கிறது, திருத்துபவருக்குப் பிள்ளையின் குலமோ கோத்திரமோ தெரியாது என்றார். மறுக்க முடியாத வாதங்கள். ஆனால் அவை கற்பித்தலுக்கும் பொதுத்தேர்வுக்கும் அரணாகின்றனவே ஒழிய, ஒரு பாடத்தில் நான்கு மதிப்பெண் குறைந்ததற்காகப் பத்தாண்டுப் படிப்புக்கே சான்று மறுப்பதற்கு அரணாகவில்லை.

பெருந்தொற்றின் காரணமாக 2020இலும் 2021இலும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடக்கவில்லை. பள்ளி மாணவர் அனைவரும் தேர்ச்சி என அறிவிக்கப்பட்டனர். அவர்களில் சிலர் பின்னர் நம் வகுப்புக்கும் வந்தனர். கற்றலில் இடைவெளிகள் இருந்தன. ஆனால் வழக்கமான ஆண்டில் கணக்கில் நின்றுபோயிருக்கக்கூடியவர் யார் என்று நம்மால் பிரித்தறிய முடியவில்லை. மத்திய இடைநிலைக் கல்வி வாரியமோ 2020ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து கணிதத்துக்கு இரு தாள்கள் வைத்தது. மேலே கணிதம் படிக்க விரும்புவோருக்கு ஒன்று, ஏனையோருக்கு எளியது ஒன்று. பாடத்திட்டத்தில் வேறுபாடில்லை. பாடத்தை விடாமலே கதவைச் சற்று அகலமாகத் திறக்க வழியுண்டு என்பதற்கு இது சான்று.

ஒற்றைப் பாடம் ஒருவரை மறிப்பதற்கு நம் மண்ணிலேயே நேரெதிரான உதாரணமும் உண்டு. கணிதமேதை இராமானுஜன் 1907இல் எஃப்.ஏ. தேர்வில் தோற்றது கணக்கால் அன்று, பிற பாடங்களால். 1918இல் இலண்டன் இராயல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. பட்டம் தராத தேர்வுமுறை அவரை அளக்கவில்லை. தன் சட்டத்தைத்தான் காத்துக்கொண்டது. மேதைகளுக்காக விதியை மாற்ற வேண்டா என்பீர்கள். மெய்தான். சுய உதவிக் குழுவின் கணக்கேடு எழுதுவோருக்காக மாற்றலாமே.

நாம் வேண்டுவது இவ்வளவே. பத்தாம் வகுப்புவரை எல்லோரும் கணிதம் கற்கட்டும், எல்லோரும் தேர்வும் எழுதட்டும். 31 என்றால் 31 என்றே சான்றிதழில் அச்சிடட்டும். கணிதம் தேவைப்படும் படிப்புகளும் பணிகளும் தமக்குரிய வரம்பை வைத்துக்கொள்ளட்டும். பிற பாடங்களில் தேறியவருக்குப் பள்ளிப்படிப்பை முடித்தார் என்ற சான்றை மட்டும் மறுக்க வேண்டா.

இதை எழுதப்போகிறோம் என்று தமக்கையாரிடம் தொலைபேசியில் சொன்னோம். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "கணக்கே வேணாம்னு மட்டும் எழுதிடாதடா தம்பி. அது இல்லாம இந்தக் குழுவ எப்படி நடத்துவேன்? எம்பத்தொண்ணு தமிழையும் சேத்து மொத்தமா ஃபெயில்னாங்க பாரு, அத மட்டும் கேளு."

கேட்டிருக்கிறோம்.