நிலா வானவில்லுக்கு நிறம் உண்டா?

ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் எல்லையாக ஓடும் ஜாம்பசி ஆறு, விக்டோரியா அருவியில் நூறு மீட்டருக்கும் மேலான ஆழத்தில் விழுகிறது. பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில் அங்குள்ள பூங்காக்களை இரவிலும் திறந்துவிடுகிறார்கள். நிலவொளியில் எழும் வானவில்லைப் பார்க்கத்தான் அந்த ஏற்பாடு. படங்களில் கண்ட சிவப்பையும் ஊதாவையும் நம்பி வந்தவர்கள், எதிரே சாம்பல் பூத்த வெள்ளை வளைவைக் கண்டதும் ‘எல்லாம் கம்ப்யூட்டர் வேலை’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தப் படங்கள் ஏமாற்றுவது உண்மைதான், ஆனால் நிறத்தில் அல்ல என்பது என் கட்சி.

நிலவொளி என்பது நிலாவில் பட்டுத் திரும்பிய வெயில். பகல் வானவில்லின் அத்தனை நிறமும் அதில் உண்டு. நீர்த்துளியும் பேதம் பார்ப்பதில்லை. இரண்டு ஒளியையும் சுமார் 42 பாகைக் கணக்கில்தான் திருப்பி அனுப்புகிறது. குறைவது வெளிச்சம்: சூரியன் முழுநிலவைவிட ஏறத்தாழ 4 லட்சம் மடங்கு பிரகாசம். அந்த மங்கலில் விழித்திரையில் நிறமறியும் கூம்பு செல்கள் பெரும்பாலும் ஓய்ந்துபோகின்றன. இருட்டுக்கென்று இருக்கும் கோல் செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. நிலா வானவில் வெள்ளை என்று அரிஸ்டாட்டிலே எழுதிவைத்தார். கண்ணுக்கு அது சரியான சாட்சியம். கேமராவோ முக்காலியில் அசையாமல் நின்று, 20 வினாடி திறந்திருந்து, உண்டியலில் சில்லறை போல விழும் ஒளியையெல்லாம் சேர்த்துக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுவது மோசடி என்றால் தொலைநோக்கியும் மோசடிக் கருவிதான். நிறத்தை ஏற்றி விற்பவர்கள் இல்லாமலில்லை. ஆனால் கை வைக்காத படத்திலும் வில்லின் வெளிவிளிம்பு சிவந்திருக்கும். பின்னால் வானம் பகல்போல் நீலமாக இருக்கும், அந்த நீலத்தில் நட்சத்திரங்களும் இருக்கும்.

படம் மறைப்பது அசைவை. பள்ளத்திலிருந்து எழும் சாரல் காற்றுக்கு ஏற்பத் திரளும், கலையும். வில்லும் கூடவே ஒரு பக்கம் அறுந்து, மறுபக்கம் தடித்து, சட்டென்று முழுவளைவாகும். இருபது வினாடிப் படம் இத்தனையையும் ஒன்றாகக் குழைத்து, அசையாத வில்லாக நிறுத்திவிடுகிறது, அருவியும் பஞ்சுப்பொதியாகிறது. படமே போதுமே, அவ்வளவு தூரம் எதற்கு என்பவர்களுக்கு இதுவே பதில். போகிறவர்கள் நிலா முதுகுக்குப் பின்னால், தாழ்வாக இருக்கும் நேரமாகப் பார்த்து நிற்க வேண்டும். உச்சிக்கு ஏற ஏற வில் பள்ளத்துக்குள் இறங்கிவிடும். ஏப்ரல் வாக்கில் வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது சாரலில் லென்ஸைத் துடைத்து மாளாது. அக்டோபர், நவம்பரிலோ ஜாம்பியப் பக்கம் பெரும்பகுதி வெறும் பாறை. ஜூன், ஜூலை தோது. எடுத்த படத்தைப் பகிரும்போது எத்தனை வினாடி என்பதையும், கண்ணுக்கு வெள்ளையாகத்தான் தெரிந்தது என்பதையும் கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள்.