உப்பளத்தில் ஒரு லுஹர்



கோடைக்காலத் தீனியாத் வகுப்புகள் நிறைவுற்ற மே மாத நடுவில் எங்கள் குடும்பத்திற்கு நான்கு நாள் ஓய்வு கிடைத்தது. மரக்காணத்து உறவினர் வீட்டில் தங்கி, சைக்கிளிலேயே சுற்றுப்புறத்தைப் பார்த்துவருவது என்று பிள்ளைகள் முடிவு செய்திருந்தார்கள். அப்போது அக்னி நட்சத்திரம். "இந்த வெயிலிலா?" என்று கேட்டவர்களிடம், "ஸுப்ஹு தொழுததும் கிளம்பி, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவோம்" என்றோம். சொன்னபடி நடந்திருந்தால் இக்கட்டுரைக்கு அவசியமே இருந்திராது.

முதல் நாள் மாலையில் கழுவேலி ஏரிக்கரை வரை சென்று வந்தோம். 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட உவர்நீர் ஏரி அது. மறுநாள் விடியலில் வடக்கே ஆலம்பரைக் கோட்டைக்குப் புறப்பட்டோம். நான்கு சைக்கிள்கள், அவற்றுள் இரண்டு இரவல். ஆறு வயது இளையவன் பின் கேரியரில் அமர்ந்துகொண்டான். கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்தை விட்டு விலகாமல் ஓட்டினோம். சாலையை ஒட்டி உப்பளங்கள் விரிந்து கிடந்தன. அந்த அரையிருளிலேயே பாத்திகளில் ஆட்கள் குனிந்து உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். "இவர்கள் எப்போது எழுந்தார்கள்?" என்று மகள் கேட்டாள். எங்களிடம் விடை இல்லை.

ஆலம்பரைக் கோட்டை ஆற்காட்டு நவாபுகளின் ஆளுகையில் இருந்தது. 1750இல் அது பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் கைக்குச் சென்றது. 1760இல் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றி இடித்தார்கள். ஒரு காலத்தில் இத்துறையிலிருந்து உப்பும் நெய்யும் சரிகைத் துணியும் கப்பலேறின. இப்போது எஞ்சியிருப்பவை செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட மதில்கள்தாம். பிள்ளைகள் மதில் மீதும் கழிமுகத்து மணலிலும் ஓடி விளையாடினார்கள். எட்டு மணிக்கே, "போதும், கிளம்புவோம்" என்று வீட்டார் எச்சரித்தார்கள். "இன்னும் சற்று நேரம்" என்று சொல்லிச் சொல்லிப் பத்தேகால் ஆக்கிவிட்டோம்.

திரும்பும் வழியில் நிழல் என்பதே இல்லை. மேலிருந்து வெயில் சுட்டது. உப்புக் குவியல்களில் பட்ட வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்தது. பாதி வழியில் தண்ணீர் தீர்ந்தது. பதினோரு வயது மகள் முதலில் தலைவலி என்றாள். பிறகு பேச்சு நின்றது. பின்னர் சைக்கிளை நிறுத்தி, சாலையோரத்தில் அமர்ந்து வாந்தி எடுத்தாள். அவள் முகம் வெளிறியிருந்தது. கைப்பேசியை எடுத்தோம், யாரை அழைப்பது என்று தெரியவில்லை.

அப்போது வரப்பின் மீது ஒரு பெண்மணி விரைந்து வந்தார். ஐம்பது வயதிருக்கலாம். சேலைக்கு மேல் ஆண்கள் அணியும் முழுக்கைச் சட்டை, தலையில் சும்மாடு. "பாய், புள்ளைய மொதல்ல நெழல்ல படுக்க வையுங்க. பேச்செல்லாம் பொறவு" என்றார். பாத்திகளுக்கு நடுவே ஓலை வேய்ந்த சிறு கொட்டகை ஒன்று இருந்தது. மகளை அங்கே கிடத்தி, கால்களைச் சற்று உயர்த்தி வைத்தார். தம் தலைத்துணியை நனைத்துக் கழுத்திலும் கையிடுக்கிலும் ஒற்றினார். மடக்கு மடக்காக நீர் புகட்டினார். பிறகு நீராகாரம் கொடுத்தார். அரை மணி நேரத்தில் மகள் கண் திறந்து, "அம்மா, தண்ணீர்" என்றாள். அல்ஹம்துலில்லாஹ்.

அதன் பிறகே கேனைக் கவனித்தோம். வைகறையில் வீட்டிலிருந்து சுமந்து வந்த ஒரே கேன் அது. சுற்றுவட்டாரத்தில் குடிநீர் வேறில்லை. கேனில் நான்கு விரற்கடை நீரே எஞ்சியிருந்தது. "உங்களுக்கு, அக்கா?" என்று வீட்டார் கேட்டார்கள். அவர் சிரித்தார். "நாங்க ரொம்பக் குடிக்கிறதில்லம்மா. குடிச்சா ஒதுங்க எடம் வேணுமே, எங்க போறது?" எங்களால் பதில் பேச முடியவில்லை. தாகத்தை அடக்கி வெயிலில் உழைப்பவருக்குச் சிறுநீரகம் கெடும் என்று படித்திருக்கிறோம். அப்படி அடக்குவதற்கு ஒரு மறைவிடம் இல்லாமையும் காரணம் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

லுஹர் நேரம் வந்தது. கடும் வெப்பத்தில் அத்தொழுகையை வெம்மை தணியும் வரை பிற்படுத்தலாம் என்னும் நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டுதல் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. ஆண்டுதோறும் நாங்கள் நடத்தும் பாடம் அது. கடற்காற்று எழும் வரை காத்திருந்தோம். மூத்தவன் ஒளூவுக்காகக் கேனை நோக்கினான். பிறகு தானாகவே கையை இழுத்துக்கொண்டான். குறைந்த நீருடன் கடலில் செல்கிறோம், ஒளூ செய்தால் தாகத்தில் வாடுவோம் என்று ஒருவர் முறையிட்டபோது, கடல்நீர் தூய்மையானதே என்று நபி (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்திய செய்தி திர்மிதீயிலும் அபூதாவூதிலும் உண்டு. பாத்தியில் இறங்கினால் அவருடைய வேலை கெடும் என்பதால், உவர்நீர் ஓடும் வாய்க்காலில் ஒளூ செய்தோம். வெயிலில் வெந்த முகமும் கைகளும் எரிந்தன. நீர் உலர்ந்ததும் தோலில் வெள்ளை படிந்தது. அந்தக் கொட்டகையிலேயே தொழுதோம்.

துஆவின் முடிவில் இளையவன் உரக்க, "யா அல்லாஹ், மழையைத் தா" என்றான். அந்தப் பெண்மணி பதறினார். "மழையக் கூப்பிடாத கண்ணு, உப்பெல்லாம் கரைஞ்சிடும். வெயிலு இருந்தாத்தான் எங்களுக்குக் கூலி." மழைக்காலத்தில் உப்பளம் கிடையாது, அந்த மாதங்களுக்கு அரசு தரும் 5,000 ரூபாயே கைக்கு வருவது என்றும் சொன்னார். நாங்கள் தப்பி ஓடிய வெயிலை நம்பித்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது. புறப்படும்போது பணம் நீட்டினோம். அவர் வாங்கவில்லை. "தண்ணிக்குக் காசா?" என்றார்.

வீடு திரும்பிய பின் எங்களை உறுத்திய ஒன்றைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க இயலாது. எங்கள் மத்ரஸாவில் அப்போது சுற்றுச்சுவர் வேலை நடந்துகொண்டிருந்தது. பகல் பன்னிரண்டுக்கு மேல் கொத்தனாரும் சித்தாட்களும் அடிக்கடி நிழலுக்கு ஒதுங்குகிறார்கள் என்று விடுமுறைக்கு முந்திய வாரத்தில் குறைபட்டுக்கொண்டவர்கள் நாங்களே. வகுப்பறையில் மின்விசிறிக்குக் கீழே அமர்ந்து, வெப்பத்தில் தொழுகையைப் பிற்படுத்தும் சலுகையை விளக்கிய அதே வாரம் அது. இறைவனுக்குரிய கடமையிலேயே வெயிலுக்காகத் தளர்வு இருக்க, எங்கள் சுவருக்கு மட்டும் தளர்வு இல்லாமல் போயிற்று. பணியாளர்மீது சக்திக்கு மீறிய சுமையை ஏற்றக்கூடாது, ஏற்றினால் அவர்களுக்குத் துணைநிற்க வேண்டும் என்ற நபிமொழியும் எங்களுக்கு மனப்பாடம்தான்.

நிர்வாகத்தாரிடம் பேசினோம். காலை ஆறுக்குத் தொடங்கலாம் என்றோம். அந்நேரத்தில் பேருந்து இல்லை என்றார்கள் சித்தாட்கள். கடைசியில் ஏழு முதல் பதினொன்றரை வரை, பின் மூன்றரை முதல் ஆறரை வரை என்று முடிவாயிற்று. கூலியில் குறைவில்லை. மண்பானைத் தண்ணீர் வைத்தோம். பெண் சித்தாட்கள் மத்ரஸாவின் கழிப்பறையைப் பயன்படுத்த வழி செய்தோம். சுவர் எட்டு நாள் தாமதமாக முடிந்தது, முணுமுணுத்தவர்களும் உண்டு. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது. பேரிடர் என்று ஏற்றுக்கொண்ட ஒன்றின் நடுவே ஒருவரை நிறுத்தி வேலை வாங்குவதற்கு எட்டு நாள் தாமதம் ஒரு காரணமாகுமா?

ஜூன் மாதத்தில் மீண்டும் மரக்காணம் சென்றோம், இம்முறை பேருந்தில். இரண்டு பெரிய தண்ணீர் கேன்களைக் கொட்டகையில் இறக்கினோம். அந்தப் பெண்மணி அன்று வேலைக்கு வரவில்லை. அங்கிருந்தோர் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மகள் மட்டும் வெகுநேரம் வரப்பையே பார்த்து நின்றாள்.

சகோதரர்களே, உங்கள் வீட்டிலோ பள்ளிவாசலிலோ இக்கோடையில் கட்டட வேலை நடக்குமானால், லுஹருக்குப் பாங்கு ஒலிக்கும் வேளையில் ஒருமுறை வெளியே சென்று பாருங்கள். வெயிலில் நிற்பவர் யார், அவர் அருகில் தண்ணீர் இருக்கிறதா, அவர் ஒதுங்க இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். நமக்கு அருளப்பட்ட இலகுவைப் பிறருக்கும் வழங்கும் மனத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.