நிபோங் திபாலில் ஒரு நூலுருண்டை

கோலாலம்பூரில் ஏறிய இடிஎஸ் ரயில் பாரிட் புந்தாரில் இறக்கிவிட்டது. அங்கிருந்து கொமூட்டரில் ஒரே நிறுத்தம். கிரியான் ஆற்றைத் தாண்டினால் நிபோங் திபால். பினாங்கு என்றதும் தீவும் பாலமும்தான் நினைவுக்கு வரும். பேராக் எல்லையை ஒட்டிய இந்தச் சிறு பட்டணமும் பினாங்குதான். கரும்பு, ரப்பர், செம்பனை எனப் பயிர்கள் மாறினாலும், தலைமுறைகளாக நம்மவர்கள் உழைத்த மண். வெளியூர்க்காரர்கள் ஆற்றில் மின்மினி பார்க்க வருவார்கள். நான் வந்தது தொப்பி பின்னக் கற்றுக்கொள்ள.

பிற்பகல் வெயில் கொளுத்தியது. பெரியம்மா வாசலில் அமர்ந்து, நான்கு ஊசிகளில் சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டிருந்தார்.

"இந்த வெயில்ல உல்லன் தொப்பியா பெரியம்மா?"

"வெயில் வெளியிலதானே கண்ணு? ஆஸ்பத்திரி உள்ள ஏர்கோன் ஓடுதுல்ல."

அது எனக்குத் தெரியாததா! இரண்டு வருடங்களுக்கு முன் என் மகள் 32ஆவது வாரத்திலேயே பிறந்துவிட்டாள். மைக் முன் மூச்சுவிடாமல் பேசும் எனக்கு அந்த நாட்களில் வார்த்தையே வரவில்லை. தாதி அவளை என் நெஞ்சோடு சேர்த்துப் படுக்கவைத்தார். கங்காரு பராமரிப்பு என்பார்கள். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கிய முறை. குழந்தைக்கு உடுப்பு நாப்கினும் தொப்பியும் காலுறையும்தான். பச்சிளம் குழந்தைக்கு உடலோடு ஒப்பிட்டால் தலை பெரியது. மூடாவிட்டால் சூடு அதன் வழியே போய்விடும். அன்று அவள் தலையில் இருந்தது பெரியம்மா அனுப்பிய தொப்பி. பச்சை, மஞ்சள், ஊதா என அகலப் பட்டைகள்.

அதே நூலில் எனக்கும் ஒன்று பின்னித் தந்திருந்தார். ஆனால் அதில் பட்டையே இல்லை; நிறங்கள் பொட்டுப் பொட்டாகச் சிதறிக் கிடந்தன. ஒரே நூல் எப்படி இரண்டு விதமாக வரும்?

பெரியம்மா உருண்டையைப் பிரித்துக் காட்டினார். நூலிலேயே நிறங்கள் மாறி மாறிச் சாயமேறியிருக்கின்றன. ஒவ்வொரு நிறமும் குறிப்பிட்ட நீளம்தான். பெரியவர் தலை 55 சென்டிமீட்டர் என்றால், ஒரு சுற்று முடிவதற்குள் நிறம் மாறிவிடும். குறைமாதக் குழந்தையின் தலை 30 சென்டிமீட்டர்கூட இருக்காது. சுற்றுக்கு நூல் கொஞ்சம்தான் செலவாகும். அதனால் ஒரே நிறம் அடுத்தடுத்த சுற்றுகளுக்கும் தொடர்ந்து பட்டையாகிறது. உச்சியில் கண்ணிகளைக் குறைக்கும்போது பட்டை இன்னும் அகலமாகும். சில அளவுகளில் ஒரே நிறம் ஒரே பக்கத்தில் திட்டாகச் சேர்ந்துவிடும். அப்போது இரண்டு கண்ணிகளைக் கூட்டியோ குறைத்தோ பார்க்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு உருண்டைகளை மாற்றி மாற்றிப் பின்ன வேண்டும்.

"நூல் ஒண்ணுதான். கோலம் போடுறது தலை" என்றார்.

குழந்தைத் தொப்பிக்கு மென்மையான, துவைக்கக்கூடிய நூல் வேண்டும். குஞ்சமோ நாடாவோ கூடாது. வீட்டுக்கு வந்தபின் தூங்கும்போது தொப்பி போடக்கூடாது, சூடு அதிகமாகிவிடும். இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன்.

ஏன் குறைமாதக் குழந்தைகளுக்கு மட்டும் பின்னுகிறார் என்று அதுவரை நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன். ஊசி நிற்கவில்லை.

"தோட்டத்துல இருந்தப்போ என் மூத்தது ஏழு மாசத்துல பொறந்துச்சு. பழைய சாரத்துல சுத்தி அடுப்புப் பக்கத்துல வச்சிருந்தோம். மூணு நாள்தான்."

எங்கள் குடும்பத்தில் யாரும் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசியதே இல்லை. நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, என் ஊசியில் கண்ணிகளை ஏற்றத் தொடங்கினேன்.

நான் பின்னிய முதல் தொப்பி கோணல்தான். திரும்பி வந்ததும் மகள் தலையில் வைத்துப் பார்த்தேன். பாதித் தலைக்குக்கூட எட்டவில்லை. இரண்டு வருடத்தில் அவ்வளவு வளர்ந்துவிட்டாள். அதைத் துவைத்து, மடித்து, பெரியம்மாவுக்கே தபாலில் அனுப்பிவிட்டேன். அடுத்த பொட்டலத்தோடு அது வார்டுக்குப் போகும்.