புலி பார்க்கப் போனது

2024 ஜனவரியில் சுந்தரவனத்துக்குப் புலி பார்க்கப் போய், பார்க்காமல் திரும்பினேன். இதைச் சொன்னதும் கேட்பவர் முகத்தில் ஒரு அனுதாபம் வந்துவிடுகிறது, அவ்வளவு தூரம் போன செலவு வீண் என்கிற மாதிரி. வங்கி தரும் எல்.எஃப்.சி.யில் போனவனுக்கு ரயில் கட்டணம் பற்றிய கவலை கிடையாது. புலி தென்படாததிலும் எனக்குக் குறையொன்றுமில்லை. உறுத்துவது வேறு. அதற்குச் சற்றுச் சுற்றித்தான் வந்து சேரவேண்டியிருக்கிறது.

நம் எழுத்தில் புலி மலிந்துபோன மிருகம். போர்ஹேஸ் 1960ல் வெளியிட்ட தொகுப்பில் 'மற்றொரு புலி' என்ற கவிதை இருக்கிறது. நூலகத்தில் உட்கார்ந்து சொற்களால் ஆக்கும் புலிக்கும் எங்கோ ஒரு ஆற்றங்கரையில் ரத்தமும் சதையுமாகத் திரியும் புலிக்கும் உள்ள தூரம்தான் அதில் அவருடைய பிரச்னை. நம்மில் சிலர் பிரச்னையை அவரிடமே விட்டுவிட்டுப் புலியை மட்டும் எடுத்துக்கொண்டோம். பிறரைச் சொல்வானேன், என் பழைய நோட்டிலும் இரண்டு புலிகள் இருக்கின்றன. இரண்டும் மிருகக்காட்சி சாலையில்கூட நான் கூர்ந்து பார்த்தவை அல்ல.

நாமக்கல் பக்கத்துக்காரனுக்குப் புலி என்றால் கொல்லிமலை ஓரிதான் ஞாபகம் வர வேண்டும். புறநானூறு 152ல் வன்பரணர் காட்டும் ஓரியின் அம்பு யானையை வீழ்த்தி, புலியை, மானை, பன்றியைத் துளைத்துக்கொண்டு போய்க் கடைசியில் புற்றில் இருக்கும் உடும்பில் தைக்கிறது. செம்மேட்டில் ஓரிக்குச் சிலை உண்டு. ஆடிப் பதினெட்டை ஒட்டி அரசு விழா எடுக்கிறது. மலையில் இன்று புலி இல்லை. சுந்தரவனத்தில் சுதன்யகாலி கோபுரத்தின்மேல் காலை முழுக்க நின்று நான் பார்த்தவை மான், பன்றி, உடும்பு. ஓரியின் ஐந்தில் மூன்று. யானை அங்கே கிடையாது. மிச்சமிருந்தது புலி ஒன்றுதான்.

சேலம் ஜங்ஷனில் ஷாலிமார் வண்டி ஏறிக் கல்கத்தா. சியால்தாவிலிருந்து லோக்கல் ரயிலில் கானிங். அங்கிருந்து வேனில் கோட்காலி, பிறகு விசைப்படகு. சேலத்து ஜவ்வரிசிக்குக் கல்கத்தா பெரிய சந்தை. அதை ஏற்றிக்கொண்டு போகும் எங்களூர் லாரிக்காரர்கள் இந்தத் தூரத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறவர்கள். அவர்களில் யாரும் புலி பார்க்கக் கானிங் வரை போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

படகு முதலில் நின்ற கோசாபாவில் டேனியல் ஹாமில்டனின் மர பங்களா இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர். சதுப்பு நிலத்தைத் திருத்திக் குடியேற்றம் அமைத்து, கூட்டுறவு முறையில் கடன் கொடுத்துப் பார்த்தவர். தன் எல்லைக்குள் செல்லுபடியாகும் என்று 1936ல் ஒரு ரூபாய் நோட்டு அச்சடித்தார். அதன் ஈடு செத்த நாணயமல்ல, உயிருள்ள மனிதன்தான் என்கிற அர்த்தத்தில் பின்பக்கத்தில் வாசகம் இருந்தது. என் தொழில் காரணமாகவோ என்னவோ, புலியை மறந்து வெகுநேரம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

படகில் நாங்கள் பத்துப் பேர். முழங்கை நீள லென்ஸ் வைத்திருந்த பெங்களூர்க்காரர் ஒருவர் பிரேசிலில் பாந்தனால் சதுப்புக்கும் போய்வந்தவர். நீர் வற்றும் ஜூலை முதல் அக்டோபர் வரை, போர்த்தோ ஜோஃப்ரே என்ற இடத்தில் ஜாகுவார் ஆற்றங்கரைக்கே வந்து படுத்துக்கொள்ளுமாம். ஒரு படகுக்காரர் கண்டால் வயர்லெஸில் மற்றவர்களுக்குச் சொல்ல, படகுகள் கூடிவிடுமாம். நாலு நாளில் பதினொன்று பார்த்தேன் என்றார். சுந்தரவனம் அவருக்குத் திருப்தி தரவில்லை. நியாயம்தான். 2022 கணக்கெடுப்புப்படி இந்தியப் பகுதியில் சுமார் 100 புலிகள், நாலாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட காட்டில். நாளைக்கு இருமுறை ஏறி வடியும் கடல்நீர் தடத்தையும் துடைத்துவிடுகிறது. காவல் கோபுரங்களைத் தவிர வேறெங்கும் படகைவிட்டு இறங்கக்கூடாது. கோபுரத்தைச் சுற்றி வேலி. காட்டில் நாம்தான் கூண்டுக்குள்.

சஜ்னேகாலி வன அலுவலகத்தில் ஆதார் நகலை நீட்டினோம், பணம் கட்டினோம், ஒரு வழிகாட்டியோடு அனுமதிச் சீட்டு வந்தது. அரைமணி நேரம் ஆகியிருக்காது. பக்கத்திலேயே போன்பீபியின் கோயில். இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து கும்பிடும் வனதேவதை. புலி உருவெடுத்து வரும் தக்கிண் ராயிடமிருந்து, காட்டுக்குள் போகிறவர்களைக் காப்பவள். புலியைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை, 'மாமா' என்பார்கள் என்றார் வழிகாட்டி. ராத்திரியில் பாம்பைப் பூச்சி என்று சொல்லும் ஊரிலிருந்து போனவனுக்கு இது உடனே விளங்கியது. லென்ஸ்காரருக்கு விளக்க வேண்டியிருந்தது.

ஒரு ஓடையில் இலை சிவந்து நின்ற மரத்தைக் காட்டி 'கேன்வா' என்றார். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்று அவர் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது நம் தில்லை மரம். பிச்சாவரத்தில் இன்றும் நிற்கிறது. சிதம்பரத்துக்கு அதனால் தில்லை என்றும், பெரும்பற்றப்புலியூர் என்றும் பெயர். வண்டு மொய்க்குமுன் பூப்பறிக்க வேண்டும் என்பதற்காகப் புலிக்கால் வரம் கேட்டு வாங்கிய வியாக்கிரபாதர் அந்தக் காட்டில் இருந்தவர். இங்கே அதே சதுப்பில், சித்திரை வாக்கில் தேனீக்களைப் பின்தொடர்ந்து தேனெடுக்கப் போகிறவர்களைப் புலி அடிக்கிறது. நம் புராணக்காரன் எந்தக் காட்டைப் பார்த்துவிட்டு அந்தக் கதையைச் சொன்னான் என்று அன்றிரவு நெடுநேரம் யோசித்தேன். இப்படிப்பட்ட பொருத்தங்களில் எனக்கு ஒரு பலவீனம் உண்டு. கட்டுரைக்கு விஷயம் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம்கூட வந்தது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

இரண்டாம் நாள், நீர் வடிந்த நேரத்தில், பீர்காலிப் பக்கம் படகு திடீரென்று மெதுவானது. வழவழவென்ற சேற்றில் ஆழமான தடங்கள், ஓடையிலிருந்து ஏறி ஹேந்தால் புதருக்குள் போயிருந்தன. தண்ணீர் இன்னும் முழுதாக ஊறவில்லை, புதுசு என்றார் வழிகாட்டி. எல்லோரும் ஒரு பக்கமாக வந்துவிட்டதில் படகு சாய்ந்தது. காமிராக்கள் ஓயவில்லை. நானும் செல்போனில் எடுத்தேன். அப்போது பின்பக்கம் அரிசி களைந்துகொண்டிருந்த சமையல்காரர் மட்டும் திரும்பவே இல்லை. அந்தக் கரைக்கு முதுகு காட்டியபடி, நாலாவது தரமோ ஐந்தாவது தரமோ, அதே அரிசியைக் களைந்துகொண்டிருந்தார்.

அவருடைய தம்பி நண்டு பிடிக்கப் போனவர். மூவர் போய் இருவர் திரும்பியிருக்கிறார்கள். போன இடம் கரு மண்டலம், தடை செய்யப்பட்ட பகுதி. வெளி மண்டலத்தில் பிடிப்பதற்கும் படகு அனுமதிச் சான்று வேண்டும். அவை எண்ணிக்கையில் மட்டானவை. வைத்திருப்பவர்களில் பலர் காட்டுப்பக்கமே போவதில்லை, போகிறவனுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். காகிதமில்லாமல் போய்ப் புலியடித்துச் செத்தவனுக்கு நஷ்டஈடு கிடையாது. வெளியே சொன்னால் கூடப்போனவர்களுக்கு அபராதம் வரலாம். ஆகவே தம்பி காய்ச்சலில் இறந்ததாகத்தான் எழுதியிருக்கிறது. இதையெல்லாம் வழிகாட்டி ஆங்கிலத்தில், குரலைத் தணித்துச் சொன்னார். 2023ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் இப்படி ஒரு விதவையின் வழக்கில், எந்த மண்டலம் என்பது தடையாகாது, 5 லட்சம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டிருக்கிறது. ஆனால் காய்ச்சலில் செத்தவனுடைய மனைவி எந்தக் கோர்ட்டில் போய் எதைக் காட்டுவாள்?

புலி பின்னாலிருந்துதான் பாயும் என்பதால் 1980களில் தலைக்குப் பின்புறம் மனித முகமூடி மாட்டிக்கொண்டு காட்டுக்குள் அனுப்பிப் பார்த்தார்கள். தன்னைப் பார்க்கிறவன்மேல் புலி பாயாது என்று கணக்கு. சில காலம் பலித்தது. சமையல்காரரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இதுதான் ஞாபகம் வந்தது.

அப்புறம் எனக்குப் புலியில் மனம் செல்லவில்லை. ஒரு பெண்மணி வந்து நின்றுகொண்டாள்.

நான் அப்போது வேறொரு கிளையில் இருந்தேன். புருஷன் லாரி டிரைவர். கல்கத்தா லைன் ஓடியவர். 2016ல் ஒடிசாவில், பாலசோருக்கு இப்பால், ரோட்டோரம் நின்ற வண்டிக்குள்ளேயே இறந்துபோனார். கணக்கில் பதினாலாயிரத்துச் சொச்சம். நாமினி போடவில்லை. இறப்புச் சான்றிதழில் இருந்த பெயர், அங்கே எழுதியவர் காதில் விழுந்த பெயர். பாஸ்புக்கில் இருந்ததற்கும் அதற்கும் இரண்டெழுத்து சேரவில்லை. திருத்தி வாங்கி வாருங்கள் அம்மா என்றேன். அடுத்த தடவை வாரிசுச் சான்றிதழ் இல்லை என்றேன். அதற்கடுத்த தடவை அதில் மாமியார் பெயர் விட்டுப்போயிருந்தது. நான் சொன்ன ஒவ்வொன்றும் விதிப்படி சரி. தணிக்கைக்காரன் வந்தால் என்னைப் பாராட்டியிருப்பான். நாலாவது தடவை அவள் கவுண்ட்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க சார், அவரு செத்துட்டாருன்னு உங்களுக்கே தெரியுமுங்களே, இன்னும் என்னத்துக்குங்க காயிதம்?" என்று கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் வரிசையில் அடுத்து நின்றவரைக் கூப்பிட்டேன்.

அவள் பிறகு வரவில்லை.

பெங்களூர்க்காரர் கோட்காலியில் இறங்கும்போது வழிகாட்டியிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தார். சமையல்காரர் எல்லோருடைய பைகளையும் கரையில் எடுத்து வைத்தார். என்னுடையதை வைத்தபோது ஏதாவது சொல்ல நினைத்தேன். எனக்கு வங்காளி தெரியாது. ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.

ஊர் திரும்பியபின், பழைய கிளையில் இருக்கும் நண்பரிடம் விசாரித்தேன். கணக்கு அப்படியேதான் கிடக்கிறது. பத்து வருஷம் கேட்பாரற்றுக் கிடந்தால், அதற்கென்று 2014ல் ரிசர்வ் வங்கி ஏற்படுத்திய நிதிக்குத் தொகை போய்விடும். அப்புறமும் கேட்டு வாங்கலாம், காகிதம் இருந்தால். அவள் ஊர் ராசிபுரத்துக்கும் ஆண்டகளூர் கேட்டுக்கும் நடுவில். டவுன் பஸ் போகிறது. முக்கால் மணி நேரம்தான். நான் இன்னும் போகவில்லை.