தூப்பி மரங்களின் அடியில்



நியூ டவுனில் குடியேறியுள்ள நம் குடும்பங்கள் விடுமுறையில் இரவு இரயிலேறி, நியூ ஜல்பைகுரியில் இறங்கி, டார்ஜிலிங் மலைக்குச் செல்வதுண்டு. நீங்களும் செல்வீர்களானால், வழிநெடுக வானளாவ நிற்கும் ஊசியிலை மரங்களைக் கண்டு கர்த்தரைத் துதிப்பீர்கள். உள்ளூரார் அவற்றைத் தூப்பி என்பர். ஒரே சீராய் நிற்கும் அம்மரங்களைச் சபையின் ஒருமனத்திற்கு உவமையாக நானே பிரசங்கித்திருக்கிறேன். இப்போது அதற்குத் துணிவதில்லை.

காரணம், அவற்றின் அடியிலுள்ள மண். தூப்பி ஜப்பான் தேசத்து மரம். 19ஆம் நூற்றாண்டில் இம்மலைக்குக் கொணரப்பட்டது. விரைவில் பலகை தருமென்று, ஓக், மக்னோலியா முதலிய பலவகை மரங்கள் நின்ற இடங்களிலும் அதனை வரிசையாய் நட்டார்கள். அகன்ற இலைகள் சீக்கிரம் மக்கி மண்ணுக்கு உரமாகும். ஊசியிலையோ கடினமானது, மண்புழுக்களும் நுண்ணுயிர்களும் அதனை எளிதில் சிதைப்பதில்லை. ஆகவே சத்து சருகிலேயே நெடுங்காலம் தங்கிவிடுகிறது. அடர்ந்த நிழலில் செடிகொடிகளும் அரிது. நம் கொடைக்கானலில் காணும் பைன் போன்ற மரங்களின் கீழ் மண் ஆண்டுக்காண்டு புளிப்பேறவும் கூடும். மரத்தை வெட்டி விற்கும்போதோ, அதிலுள்ள சத்தும் லாரியேறிப் போய்விடுகிறது!

மொட்டை மலைச்சரிவில் இம்மரங்கள் மண்ணரிப்பைத் தடுக்கும் என்பதும் மெய்யே. ஆனால் இங்கே முன்பு நின்றது மொட்டை மலையன்று, செழுங்காடு.

டைகர் ஹில் அருகிலுள்ள செஞ்சல் காட்டில் ஓக் மரங்களும் உண்டு, தூப்பியும் உண்டு. பிள்ளைகளோடு இரண்டின் அடியிலும் சற்று நின்று, சருகைக் கையால் விலக்கிப் பாருங்கள்.