பத்து வயதில் "தோற்றுப்போன" பாலர் பள்ளி

எல்கேஜி போகிற பிள்ளை கையில் கிடைத்தால் போதும், மாமாவோ சித்தியோ கேட்கும் முதல் கேள்வி "ஏபிசிடி சொல்லு பார்ப்போம்" என்பதுதான். "இன்னிக்கு என்ன விளையாடப் போறே?" என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், இப்சிலாண்டி என்ற சின்ன ஊரில், ஒரு பாலர் பள்ளியில் இந்த இரண்டாவது கேள்வியைத்தான் கேட்டார்கள்.

ஆரம்பித்தது 1962-ல். டேவிட் வைக்கார்ட் என்பவர் தொடங்கிய பெரி பாலர் பள்ளித் திட்டம். 3, 4 வதுள்ள ஏழைக் கறுப்பினக் குழந்தைகள் 123 பேர். கிட்டத்தட்ட நாணயம் சுண்டிப் போட்ட மாதிரி 58 பேருக்கு இடம், 65 பேருக்கு இல்லை. காலையில் இரண்டரை மணி நேரம்தான் வகுப்பு. என்ன செய்யப்போகிறேன் என்று குழந்தையே சொல்ல வேண்டும். கட்டையை அடுக்கி வீடு கட்டலாம், பொம்மைக்குச் சோறு ஊட்டலாம். விளையாடி முடித்ததும் என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். வாரம் ஒருமுறை ஆசிரியை வீட்டுக்கே வந்து அம்மாவோடும் பிள்ளையோடும் உட்காருவார்.

முதலில் ஐ.க்யூ. நன்றாக ஏறியது. ஆனால் பத்து வயதாவதற்குள் அந்த வித்தியாசம் காணாமல் போனது! அங்கேயே கணக்கை முடித்திருந்தால் திட்டம் சுத்த நஷ்டம் (முதல் வருட லாப நஷ்டக் கணக்கைப் பார்த்துக் கடையை மூடுகிற கதைதான்). நல்லவேளை, அவர்கள் விடாமல் பின்தொடர்ந்தார்கள். 40 வயதில் பார்த்தபோது, பள்ளியில் இடம் கிடைத்தவர்களில் 65 சதவீதம் பேர் பள்ளிப் படிப்பை முடித்திருந்தார்கள். கிடைக்காதவர்களில் 45 சதவீதம். ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானவர்கள் இங்கே 36 சதவீதம், அங்கே 55.

ஐ.க்யூ. கரைந்துவிட்டது என்றால் பிறகு எது வேலை செய்தது? 2000-ல் பொருளாதார நோபல் பெற்ற ஜேம்ஸ் ஹெக்மன் இதே கேள்வியோடு அந்தப் புள்ளிவிவரங்களைத் தோண்டினார். குழந்தைகளின் நடத்தையில் வந்த மாற்றம்தான் பெரிய காரணம் என்றார். போட்ட பணத்துக்கு வருடம் 7 முதல் 10 சதவீதம் வரை சமூகத்துக்குத் திரும்பி வந்தது என்றும் கணக்குக் காட்டினார். ஃபிக்சட் டெபாசிட் காரர்கள் கவனிக்க.

அதே ஊரில் 1967-ல் இன்னொரு சோதனை. 68 ஏழைக் குழந்தைகள், மூன்று பிரிவு. ஒரு பிரிவுக்கு ஆசிரியர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லும் பாடம். மற்ற இரண்டும் விளையாட்டு வழி. ஐ.க்யூ. மூன்றிலும்தான் ஏறியது. ஆனால் 23 வயதில் விசாரித்தபோது, முதல் பிரிவில் 47 சதவீதம் பேருக்குப் பள்ளிக்காலத்தில் மனநலச் சிக்கலுக்கு உதவி தேவைப்பட்டிருந்தது. மற்ற இரண்டிலும் 6 சதவீதம்தான். சின்ன எண்ணிக்கை, அதுவும் விளையாட்டு வழியை ஆதரித்தவர்களே நடத்திய ஆய்வு என்று ஆட்சேபம் உண்டு, நியாயமான ஆட்சேபம்தான். இருந்தாலும் அந்த 47-ஐ அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியவில்லை.

சந்தோஷத்துக்கு ஐ.க்யூ. தாளில் ஒரு கட்டம் கிடையாது. அதனால்தான் பத்து வயதில் எல்லாம் கரைந்துவிட்டது போலத் தெரிந்தது. இடம் கிடைக்காத அந்த 65 பேரும் 3 வயதில் இவர்களைப் போலத்தான் இருந்தார்கள். நாணயம் மறுபக்கமாக விழுந்தது, அவ்வளவுதான்.